எண்ணெய் வைக்காத தலை

சீட்டில் மூன்று வரி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
தலைக்கு ஷாம்பு போட்டு, எண்ணெய் தொடாமல் கூட்டி வரவும்.
முந்தின இரவு தூங்க விடக் கூடாது.
டீ, காபி கொடுக்கக் கூடாது.

மூன்றாவதைப் படித்துச் செல்வமலர் சிரித்தாள்.
கூரைத் தகரம்வரை தூள் மணக்கிற வீடு இது.
என் சட்டையை நனைத்துப் பிழிந்தாலே
ஒரு டம்ளர் தேறும்.

நிரோஷாவுக்கு ஏழு வயது.
பேசிக்கொண்டே இருப்பாள், நடுவில் நின்றுபோவாள்.
கை அப்படியே, வாயில் பாதிச் சோறு அப்படியே,
கண் மட்டும் எங்கேயோ.
பத்து எண்ணுவதற்குள் வந்துவிடுவாள்,
போனதே தெரியாமல்.
கனவு காண்கிறாள் என்று டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார்.
நான் ஃபேக்டரியில் பார்த்திருக்கிறேன்,
கரண்ட் குறையும்போது ரோலர் ஒரு கணம் தயங்கும்,
பிறகு எதுவும் நடக்காததுபோல் சுற்றும்.
அதற்கு எலெக்ட்ரீஷியன் வருவார்.
இதற்குக் கோயம்புத்தூர் போக வேண்டும்.

சாயங்காலம் வெந்நீர், இரண்டு பாக்கெட் ஷாம்பு.
காய்ந்த முடி காதைச் சுற்றிப் பறந்தது.
யார் வீட்டுப் பிள்ளையோ போலிருந்தாள்.
"வலிக்குமா?"
"வலிக்காது."
"ஊசிக்கும் அப்படித்தான் சொன்னே."
சொன்னேன்தான்.

அதனால் ஒட்டிக் காட்ட வேண்டியதாயிற்று.
செல்வமலரின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து
என் வழுக்கையில் ஒவ்வொன்றாக ஒட்டினாள்.
பொட்டுக்கு ஒரு நூல்,
நூல்களின் மறுமுனை பழைய ரேடியோவில்.
பதினெட்டோடு அட்டை தீர்ந்தது.
"அசையாதே. உன் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு பார்க்கிறேன்."
ரேடியோவில் காதை வைத்துக் கேட்டாள்.
"ஒண்ணுமில்ல. பஸ்ஸுக்குப் பணம் எண்ணுது."

விழித்திருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான்.
பதினோரு வருஷம் நைட் ஷிப்ட்.
மெஷின் இரைச்சலில் நிற்பது வேறு,
சின்ன இமை இரண்டைத் தூக்கிப் பிடிப்பது வேறு.
தாயம் ஆடினோம். அவளை ஜெயிக்க விட்டேன்,
பிறகு தோற்க விட்டேன், கோபத்தில் முழித்திருப்பாளென்று.
ஒரு மணிக்கு வாசல் விளக்கைப் போட்டுக்
காட்டுமாடுகளைப் பார்த்தோம்.
தேயிலைச் செடிகளுக்கு மேலே முதுகுகள் மட்டும்,
பனியில் ஆவி பறந்தபடி.
இரண்டரைக்கு அழுதாள்.
"ஒரே நிமிஷம்ப்பா. கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கறேன்."
ஈரத்துணியால் முகம் துடைத்தேன்.
ஓங்கி அடித்தாள் என் தோளில்.
அடிக்கட்டும்.

அரவேணுவில் முதல் பஸ்.
ஜன்னலைத் திறந்து வைத்தேன், பின் சீட்டுக்காரர்
மப்ளருக்குள்ளிருந்து திட்டினார்.
வளைவுகளை எண்ணச் சொன்னேன்.
குஞ்சப்பனை தாண்டி
"பதினாலு, பதினஞ்சு"
நின்றுபோனாள்.
பஸ் திரும்பியது.
என் உள்ளங்கையில் அவள் விரல்கள் எடையில்லாமல்.
தூக்கமென்றால் எழுப்பிவிடலாம்.
இன்னொன்று திரும்பியது.
அவளில்லாமல் இரண்டு வளைவுகள்.
"பதினாறு" என்றாள்.
நான் திருத்தவில்லை.

"எண்ணெய் இல்லையே?" என்றார் அந்த இருட்டறைக்காரர்.
"ரெண்டு பாக்கெட் போட்டோம்" என்றாள் எனக்கு முன்னால்.
பசை ஜில்லென்றிருந்ததற்குத் தோளைக் குறுக்கினாள், அவ்வளவுதான்.
ஒவ்வொரு வயருக்கும் விரல் மடக்கினாள்.
"இருபத்தொண்ணு. அப்பாவுக்குப் பதினெட்டுதான்."
பாவம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

விளக்கை அணைத்தார்கள்.
இரவெல்லாம் நான் வீட்டிலிருந்து விரட்டிய சொல்லை
நானே கூட்டி வந்து அவளிடம் விட வேண்டியிருந்தது.
"தூங்கு."

வயர்களுக்கு நடுவே கண்ணை அகலத் திறந்து
"இப்பவா?" என்றாள்.
"இப்ப எனக்குத் தூக்கமே வரலையே."